வாங்கிய பின் இறங்கிய விலை



ஹுன்னஸ்கிரியவிலிருந்து கண்டிக்குச் சென்று ஒரு பொருளை வாங்கி வருவதென்றால் அது ஒரு முழு நாளின் அலுவல். பனி விலகுமுன் எழுந்து, அடுப்புக் காரியத்தை முடித்து, மஹியங்கனை வீதியில் வரும் பஸ்ஸுக்குக் காத்து நின்று, தெல்தெனியவையும் திகனையையும் கடந்து நகரை அடைய வேண்டும். ஒரு நாட் சம்பளம் போகும்; பஸ் கட்டணமும் போகும். ஆகவே நம் பகுதிப் பெண்கள் நகரத்துப் பெண்களைப்போலப் பத்துக் கடை ஏறி இறங்கி விலை விசாரிப்பதில்லை. போன இடத்திற் கிடைத்ததை வாங்கிக்கொண்டு மாலைப் பஸ்ஸிலே திரும்பிவிடுகிறார்கள்.

எம் அயலிலுள்ள தோட்டமொன்றில் வாழும் சகோதரி ஒருவர், ஒரு வருட காலம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்துடன் மார்ச் மாத இறுதியில் இவ்வாறு கண்டிக்குச் சென்றார். படிப்பை முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் மகளுக்கு ஒரு தையல் இயந்திரம் வாங்குவதே நோக்கம். 48,000 ரூபா கொடுத்து வாங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெருமையுடன் வந்து சேர்ந்தார். ஒன்பது நாட்கள் கழிந்தன. சித்திரைப் புத்தாண்டு விற்பனை என்று அதே கடை ஒரு விளம்பரம் வெளியிட்டது. அதே இயந்திரம் 41,500 ரூபா!

அன்று மாலை அவர் என் வீட்டுக்கு வந்த கோலத்தை நான் மறக்கவில்லை. "அக்கா, ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாவைக் கொழுந்து கிள்ளிச் சம்பாதிக்க எத்தனை நாள் வேண்டும்! என்னை ஏமாற்றிவிட்டார்களே" என்று கண் கலங்கினார். பணம் போன துயரத்திலும், தாம் ஏமாளியாகிவிட்டோம் என்ற வெட்கமே அவரைப் பெரிதும் வாட்டியது. புருஷனிடம் எவ்வாறு சொல்வது என்பது அதற்கும் மேலான கவலை.

அவர் ஏமாற்றப்பட்டாரா? இவ்வாரம் நாம் ஆராய வேண்டிய கேள்வி இதுதான்.

நமது நாட்டிலே விற்பனை பற்றிய பழைய சட்டம் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டமாகும். வாங்குபவரும் விற்பவரும் ஒரு விலைக்கு மனமொத்து உடன்பட்டு, பணமும் பொருளும் கைமாறிவிட்டால் விற்பனை முடிந்துவிட்டது. நாளை விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்த உடன்பாடு மாறாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் நமக்குப் பல பாதுகாப்புகளைத் தந்துள்ளது. பொருள் பழுதானால், சொன்ன தரத்தில் இல்லாவிட்டால், உத்தரவாதம் பொய்த்தால், மாற்றிக் கொடுக்கவோ பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ கட்டளையிடும் அதிகாரம் அச்சபைக்கு உண்டு. ஆனால் வாங்கிய பின் விலை இறங்கியது என்பதற்காக மட்டும் மீதிப் பணத்தைப் பெற்றுத்தரும் உரிமை அதிலே இல்லை.

இது அநீதி என்று தோன்றலாம். சற்றுப் பொறுத்துச் சிந்தியுங்கள். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாவை எட்டிவிட்டது. அவ்வருடம் ஜனவரியிலே குளிர்சாதனப் பெட்டி வாங்கியவர், மே மாதத்தில் அதன் விலையைக் கேட்டுத் தம் அதிர்ஷ்டத்தை மெச்சிக்கொண்டார். மேலதிகப் பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடியவர் எவருமுண்டோ? ஏறும்போது கொடுக்காத நாம், இறங்கும்போது உரிமையாகக் கேட்பது எங்ஙனம்?

எரிவாயுவின் கதையும் இதுவே. 12.5 கிலோ லிற்றோ சிலிண்டர் 2022 ஓகஸ்ட் மாதத்திற் கொழும்பு விலையில் 246 ரூபா குறைந்து 4,664 ரூபாவாயிற்று. பின்னர் ஏறி 4,743 ரூபாவாக இருந்து, 2023 ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரே தடவையில் 1,005 ரூபா குறைந்து 3,738 ரூபாவாக இறங்கிற்று. முதல் நாள் வாங்கிய குடும்பத்துக்கு ஆயிரம் ரூபா நட்டம். பழைய விலைக்கு வாங்கிச் சிலிண்டர்களை அடுக்கி வைத்திருந்த சிறு கடைக்காரருக்கு எவ்வளவு நட்டமாகியிருக்கும்! விலை இறக்கம் நமக்கு மட்டும் வரும் துன்பமன்று.

ஆயினும், சட்டத்திலே உரிமை இல்லை என்பதனால் வாய் மூடி இருந்துவிட வேண்டுமென்பதில்லை. உரிமை இல்லாத இடத்திலே வேண்டுகோளுக்கு இடமுண்டு. 2007ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் திகதி அமெரிக்காவில் ஐபோன் என்னும் கைத்தொலைபேசி முதன்முதலில் விற்பனைக்கு வந்தது. ஒரு வகையின் விலை 599 டொலர். செப்டெம்பர் 5ஆம் திகதி அதனை 399 டொலராகக் குறைத்தார்கள். முன்னே வாங்கியவர்கள் கொதித்தெழுந்தனர். மறுநாளே அந்நிறுவனத்தின் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ் பகிரங்கக் கடிதமொன்று எழுதி, 100 டொலர் பெறுமதியான கடை வரவைத் தருவதாக அறிவித்தார். வாடிக்கையாளரின் நல்லெண்ணத்தை இழக்க விரும்பாமையே அவரை அவ்வாறு செய்வித்தது. அந்நாட்டுப் பெருங்கடைகள் சில, வாங்கிய இரண்டு வாரத்துக்குள்ளோ ஒரு மாதத்துக்குள்ளோ விலை குறைந்தால் வித்தியாசத்தைத் திருப்பித் தருவதைத் தம் விதியாகவே வைத்துள்ளன. நம் நாட்டிலும் கடைக்குக் கடை நிபந்தனை வேறுபடும். கேட்டுப் பார்த்தால்தானே தெரியும்?

ஆகவே அச்சகோதரியை அழைத்துக்கொண்டு அந்த வார விடுமுறையிலே நானும் கண்டிக்குச் சென்றேன். முன்னே நின்ற இளைஞர், "விற்ற பொருளுக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது அம்மா" என்று சுருக்கமாகக் கூறினார். கோபித்துப் பயனில்லை. அவருக்கு விலையைத் தொட அதிகாரம் இல்லை. முகாமையாளரைப் பார்க்க விரும்புகிறோம் என்று பணிவாகச் சொல்லிக் காத்திருந்தோம்.

முகாமையாளர் பற்றுச்சீட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அதன் பின்புறத்திலே சிறிய எழுத்தில் சில நிபந்தனைகள் இருந்தன. பெட்டி பிரிக்காமல் ஏழு நாட்களுக்குள் கொண்டுவந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்பது அவற்றுள் ஒன்று. அது சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே அச்சிடப்பட்டிருந்தது. தமிழிலே ஒரு வரியேனும் இல்லை. ஏழு நாட்கள் கடந்து போயின. இயந்திரமும் பிரித்துப் பாவிக்கப்பட்டுவிட்டது. "நிபந்தனை தமிழில் இருந்திருந்தால் இவர் அறிந்திருப்பார் ஐயா" என்றேன். அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பின்னர், பணமாகத் தர இயலாது, 3,000 ரூபாவுக்குப் பொருளாக எடுத்துக்கொள்ளலாம் என்றார். நூற்கட்டைகளும், கத்திரிக்கோலும், ஊசிகளும், எண்ணெய்ப் போத்தலுமாக அச்சகோதரி தெரிந்தெடுத்துக்கொண்டார். எப்படியும் வாங்க வேண்டியிருந்தவையே அவை.

இந்த அனுபவத்திலிருந்து நாம் கற்க வேண்டியவை சில உள.

பணம் கொடுக்குமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். "அண்மையில் மலிவு விற்பனை ஏதும் வருகிறதா? வாங்கிய பின் விலை குறைந்தால் என்ன செய்வீர்கள்?" சித்திரைப் புத்தாண்டு, வெசாக், தீபாவளி, நத்தார் ஆகியவற்றை அண்டிய வாரங்களில் இக்கேள்விகள் மிக அவசியம். நிபந்தனை விளங்காத மொழியில் இருந்தால் வாசித்துச் சொல்லும்படி கேட்பதில் வெட்கமில்லை. சாதகமாக ஏதும் சொன்னால் அதனைப் பற்றுச்சீட்டிலே எழுதி வாங்குங்கள்.

பற்றுச்சீட்டின்றிக் கடையை விட்டு இறங்காதீர்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அதனை அரிசிப் பானைக்குள்ளோ சாமிப் படத்தின் பின்னாலோ செருகி மறந்துவிடாமல், உத்தரவாத அட்டையுடன் ஓர் உறையிலிட்டு வையுங்கள்.

விலை இறங்கியதென அறிந்தால் காலந் தாழ்த்தாமற் செல்லுங்கள். அதே மாதிரிப் பொருள்தானா என்று முதலில் நிச்சயப்படுத்துங்கள். பெயர் ஒன்றாயிருக்க, உள்ளே உறுப்பு வேறாயிருப்பதுண்டு. பெட்டி பிரிக்கப்படாமல் இருந்தால் திருப்பிக் கொடுத்துப் புதிய விலைக்கு வாங்க அனுமதி கேளுங்கள். பிரித்திருந்தால் வித்தியாசத்தைக் கேளுங்கள்; அதுவும் இயலாவிடின் பொருளாகக் கேளுங்கள். தவணை முறையில் வாங்கியிருந்தால், எஞ்சிய தவணைகளிலே சிறிது குறைக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் வேறுபடுத்தி அறியுங்கள். விலை இறங்குவது வேறு; வஞ்சகம் வேறு. பொதியிற் குறித்த விலைக்கோ அரசு விதித்த உச்ச விலைக்கோ மேலாக விற்பதும், விலையை முதலில் உயர்த்திப் பின் குறைத்ததாகக் காட்டி மக்களை மயக்குவதும் வஞ்சகமாகும். உச்ச விலைக்கு மேல் விற்பவருக்கான தண்டத்தை 2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பன்மடங்கு உயர்த்தியுள்ளது. தனியொருவருக்கு அது 100,000 ரூபாவிலிருந்து 500,000 ரூபா வரை. இத்தகைய சந்தர்ப்பங்களிலே 1977 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் முறையிடலாம். தரமோ உத்தரவாதமோ பிழைத்தால், வாங்கிய மூன்று மாதங்களுக்குள் அதிகார சபைக்கு எழுத்திலே அறிவிக்க வேண்டும்.

திரும்பி வரும் பஸ்ஸிலே அச்சகோதரி என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். அந்த ஒன்பது நாட்களில் அவர் மகள் லயத்துப் பிள்ளைகளுக்குப் புத்தாண்டுச் சட்டைகள் தைத்து 4,000 ரூபா வரையிற் சம்பாதித்துவிட்டாளாம். விளம்பரம் வரும்வரை காத்திருந்தால் அந்தச் சட்டைகளைத் தெல்தெனியவில் யாரோ தைத்திருப்பார்கள். "அப்படியானால் உனக்கு நட்டம் எங்கே தங்கச்சி?" என்றேன். அவர் விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார். 3,000மும் 4,000மும் சேர்த்தால் 6,500ஐத் தாண்டுகிறது. முதன்முறையாக அன்று அவர் சிரித்தார்.

"இதை நீங்களே வந்து அவரிடம் சொல்லிவிடுங்கள் அக்கா" என்றார். சொன்னேன். அம்மனிதர் ஒன்றும் பேசாமல் இயந்திரத்துக்கு எண்ணெய் விடத் தொடங்கினார்.