பேர் தெரியும், விலாசம் தெரியாது!

"உடனே புறப்பட்டு வாயேன்டி! நாளைக் காலையில் ஆள் வந்து கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்!"

போனில் அக்காவின் குரல் தழுதழுத்தது. அச்சுக்குப் போகவேண்டிய பக்கங்களைப் பக்கத்து மேஜைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு மாம்பலத்துக்கு ஓடினேன்.

விஷயம் இதுதான். அக்கா வீட்டில் இருப்பது லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர். அத்தான் ஆசையாக வாங்கி, எல்லாவற்றையும் தம் கையாலேயே அமைத்து வைத்தது. போன வருஷம் அவர் காலமாகிவிட்டார். அவர் பாடிப் பதிவு செய்த பாட்டுக்கள் அதற்குள்தான் இருக்கின்றன. அக்கா வீட்டிலிருந்தபடியே ஒரு பதிப்பகத்துக்குப் புரூப் திருத்திச் சம்பாதிக்கிறாளே, அந்தப் பக்கங்களும் அதற்குள்தான்.

பத்து நாளாக அதில் இன்டர்நெட் வரவில்லை. பழுது பார்க்க வந்தவர் ஐந்து நிமிஷம் தட்டிப் பார்த்தார். "எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும், அம்மா. உள்ளே இருப்பதற்கு நான் பொறுப்பில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"பொறுப்பில்லையாமே! அவர் குரல் போய்விட்டால் யாரடி பொறுப்பு?" என்றாள் அக்கா. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கல்லூரியில் படிக்கும் அக்கா மகள் குறுக்கிட்டாள். "சித்தி, என் போனில் மட்டும் எல்லாம் வருகிறது."

"போன் கம்பெனியின் டேட்டாவை நிறுத்திவிட்டுப் பார்த்தாயா?"

"பார்த்தேன். வீட்டு வைஃபையிலேயே நன்றாக வருகிறது."

கெட்டிக்காரப் பெண்! பாதித் துப்பை அவளே கொடுத்துவிட்டாள். போனில் வருகிறதென்றால் வீட்டுக்கு வரும் லைனில் பழுது இல்லை. தகராறு இந்த மெஷினோடு நின்றுவிடுகிறது.

கன்ட்ரோல், ஆல்ட், டி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினேன். டெர்மினல் என்னும் ஜன்னல் திறந்தது. அதைக் கண்டு பயப்படாதீர்கள், சகோதரிகளே. அதில் ஒரு கேள்வி கேட்டால் அது ஒரு பதில் சொல்லும், அவ்வளவுதான். 'பிங்' என்று அடித்து, ஓர் இடம் விட்டு, 1.1.1.1 என்ற எண்ணைக் கொடுத்தேன். "யாரம்மா அங்கே?" என்று வெளியுலகத்தைக் கூப்பிட்டுப் பார்ப்பது போன்றது இது. பதில் வரி வரியாக வந்துகொண்டே இருந்தது. கன்ட்ரோலையும் சி விசையையும் அழுத்தி நிறுத்தினேன்.

அடுத்தபடி எண்ணுக்குப் பதிலாக விக்கிபீடியாவின் பெயரைக் கொடுத்தேன். பேச்சு மூச்சு இல்லை. சற்றுப் பொறுத்து, பெயருக்கு விலாசம் தற்காலிகமாகக் கிடைக்கவில்லை என்று ஒரு வரி வந்தது.

"நோய் தெரிந்துவிட்டது, அக்கா. எண்ணைச் சொன்னால் போகிறது, பேரைச் சொன்னால் போகவில்லை. மெஷினுக்கு ஒன்றும் இல்லை. விலாசம் சொல்லுகிற ஆளைக் காணோம்!"

தபால் உறையின் மேல் 'வக்கீல் வீடு' என்று மட்டும் எழுதினால் போய்ச் சேருமா? கதவு எண்ணும் தெருவும் வேண்டாமா? இன்டர்நெட்டிலும் அப்படியே. நாம் பழகுவது பெயரோடு. கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று தேடிப் போவது எண்ணை வைத்து. பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்லும் ஏற்பாட்டுக்கு டி.என்.எஸ். என்று பெயர். அந்த வேலையைப் பார்க்கும் கம்ப்யூட்டருக்கு நேம்சர்வர் என்று பெயர்.

இதற்கு ஒரு பூர்வ கதை உண்டு. இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் 1970களில் இருந்தவை கொஞ்சம் கம்ப்யூட்டர்களே. அவற்றின் பெயர்களும் எண்களும் ஒரே ஒரு பட்டியலில் இருந்தன. கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரிலிருந்த ஓர் ஆராய்ச்சி நிலையம் அதைப் பராமரித்தது. அந்தப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் எலிசபெத் ஃபெயின்லர் என்ற பெண்மணி! பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. ஓர் இடத்தில் வைத்து மாளாது என்ற நிலை வந்தபோது, 1983ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் அதைப் பல கம்ப்யூட்டர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் டி.என்.எஸ். முறையை வகுத்தார். இன்று நாம் தினமும் அடிக்கும் 'டாட் காம்', 'டாட் ஆர்க்' போன்ற வால்களை வகுத்ததிலும் ஃபெயின்லரின் குழுவுக்குப் பங்கு உண்டு.

சரி, மாம்பலத்துக்கு வருவோம்.

"சித்தி, நானும் தேடினேன். 'ரிஸால்வ்.கான்ஃப்' என்ற கோப்பில் நேம்சர்வர் 127.0.0.53 என்று இருந்தது. தப்பு என்று நினைத்து மாற்றினேன். மெஷினை மறுபடி போட்டால் பழையபடியே வந்து நிற்கிறது!"

அது தப்பே இல்லை. 127 என்று தொடங்கும் எண் அந்த மெஷினையே குறிக்கும். உபுண்டு போன்ற லினக்ஸ்களில் வீட்டுக்குள்ளேயே ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருக்கிறார். கேள்விகளை வாங்கி, வெளியே இருக்கும் நேம்சர்வரிடம் கேட்டுச் சொல்வது அவர் வேலை. அந்தக் கோப்பு அவருடைய சிலேட்டுப் பலகை. நாம் எழுதினால் அவர் அழித்துவிட்டுத் தம் கணக்கை எழுதிக்கொள்வார். அவர் வெளியே யாரிடம் கேட்கிறார் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். 'ரிஸால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' என்று கேட்டால் சொல்லிவிடுவார்.

கேட்டேன். ஓர் எண் வந்தது. அதைப் பார்த்ததும், "லைன் கம்பெனியை எப்போது மாற்றினீர்கள்?" என்றேன்.

"பத்து நாள் முன்னால். மாதம் நூறு ரூபாய் மிச்சமாகிறதே என்று மாற்றினேன்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுத் தானே திகைத்தாள். பழுது ஆரம்பித்ததும் பத்து நாளைக்கு முன்னால்தான்!

அந்த எண் பழைய கம்பெனியின் நேம்சர்வர். மூன்று வருஷத்துக்கு முன் லைன் தகராறு செய்தபோது அத்தான் தாமே உட்கார்ந்து அதைக் கையால் எழுதி வைத்திருக்கிறார். அன்றைக்கு அது சரிதான். ஆனால் ஒரு கம்பெனியின் நேம்சர்வர் பெரும்பாலும் தன் வாடிக்கைக்காரர்களுக்கு மட்டுமே பதில் சொல்லும். நாம் வீடு மாறிவிட்டோம், பழைய தெருத் தபால்காரரையே கேட்டுக்கொண்டிருக்கிறோம். போனில் யாரும் எண் எழுதி வைக்கவில்லை. புதிய பெட்டி சொன்னதை அது கேட்டுக்கொண்டது. அதனால் அதற்குச் சங்கடம் வரவில்லை.

செட்டிங்ஸில் நெட்வொர்க்கைத் திறந்து, கம்பி இணைப்பின் பக்கத்திலிருந்த பல்சக்கரப் படத்தை அழுத்தி, ஐ.பி.வி.4 என்ற பகுதிக்குப் போனேன். டி.என்.எஸ். என்ற இடத்தில் அந்த எண் இருந்தது. அழிக்கக் கையை வைத்தேன்.

"கொஞ்சம் இரு" என்றாள் அக்கா. உள்ளே போய் ஒரு பென்சிலும் பால் கணக்கு நோட்டும் கொண்டுவந்தாள். அந்த எண்ணைப் புள்ளி விடாமல் எழுதிக்கொண்டாள். "சரி, அழி."

அழித்தேன். 'தானாக' என்ற விசையைப் போட்டு, 'அப்ளை' கொடுத்து, இணைப்பை ஒரு முறை நிறுத்திப் போட்டேன். விக்கிபீடியா மளமளவென்று வந்து நின்றது!

உங்கள் வீட்டிலும் இப்படி நேர்ந்தால் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். வீட்டில் வேறொரு கருவியில் இன்டர்நெட் வருகிறதா? எண்ணுக்குப் பதில் வருகிறதா? பெயருக்குப் பதில் வருகிறதா? பெயருக்கு மட்டும் வராவிட்டால் நேம்சர்வரைப் பாருங்கள். 'தானாக' என்று வைத்தும் சரிப்படாவிட்டால், எல்லோருக்கும் பொதுவான நேம்சர்வர்கள் உண்டு. கூகுள் 2009ல் தொடங்கிய 8.8.8.8, கிளவுட்ஃப்ளேர் 2018ல் தொடங்கிய 1.1.1.1 இரண்டும் பிரசித்தம்.

ஒரு எச்சரிக்கை. முன்பின் தெரியாதவர் சொன்ன எண்ணை அங்கே எழுதிவிடாதீர்கள். நீங்கள் எந்தெந்த இடத்துக்குப் போகிறீர்கள் என்பதை நேம்சர்வர் அறியும். கெட்ட எண்ணமுள்ள நேம்சர்வர், பாங்கி என்று நீங்கள் கேட்டால் பாங்கியைப் போல் வேஷம் போட்ட வேறிடத்துக்கும் வழி காட்டும்.

இன்னொன்று. பழுது இருந்தாலும் இல்லாவிட்டாலும், போனால் திரும்பி வராதவற்றுக்கு ஒரு நகல் வேறிடத்தில் இருக்கட்டும். அன்றிரவு நான் கிளம்புவதற்குள் அத்தான் பாட்டுக்கள் அத்தனையும் ஒரு பென் டிரைவில் ஏறிவிட்டன. அவற்றில் ஒன்றைப் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் என்னை அனுப்பினாள் அக்கா.

மறுநாள் காலையில் சொன்னபடி அந்த ஆள் வந்தாராம். அக்கா அவருக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்து, "மெஷின் சௌக்கியம். விலாசம்தான் மாறிப் போயிருந்தது" என்று சொல்லி அனுப்பினாளாம்.