பூமியின் பொக்கிஷமும் பொதுஜன அறிவும்

சுரங்கக் குத்தகைதாரர்கள், தாம் கட்டும் ராயல்டியில் நூற்றுக்கு 2 பங்குக்குச் சமமான தொகையைக் கனிப்பொருள் ஆராய்ச்சிக்கெனத் தனியாகச் செலுத்த வேண்டுமென்று 2015-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தம் விதித்தது. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு அதை 3 பங்காக உயர்த்தி, நிதியின் பெயரில் ‘அபிவிருத்தி’ என்ற சொல்லையும் சேர்த்தது. இதில் நமக்கு ஆட்சேபமில்லை. தன் நிலத்தடியில் இருப்பதை அறியாத தேசம், பிறர் சொன்ன விலைக்கு விற்க நேரும். ஆனால் அறிய வேண்டியவர்கள் இலாகா உத்தியோகஸ்தர்களும் ஏலமெடுக்கும் கம்பெனிகளும் மட்டுந்தானா? அந்நிலத்தின்மீது குடியிருப்போருக்கு அவ்வறிவில் பங்கில்லையா?

மதுரை ஜில்லா மேலூர்ப் பக்கத்தில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் நிலம், 2,015 ஹெக்டேர், 2024 நவம்பரில் ஏலமாயிற்று. கிராமங்கள் கொதித்தெழுந்தன, டிசம்பரில் சட்டசபை எதிர்த்துத் தீர்மானித்தது, 2025 ஜனவரியில் மத்திய சர்க்கார் ஏலத்தை ரத்து செய்தனர். ஏலத்துக்கு முன்பே கிராமத்தாரைக் கூட்டி, பூமியில் கண்டது இன்னது, தோண்டினால் நேர்வது இன்னது என்று தமிழில் உரைக்கும் கடமையைச் சுரங்கச் சட்டம் எவர்மீதும் சுமத்தவில்லை.

சுரங்கமுள்ள ஊர்களுக்கு மட்டும் உரிய விஷயம் இதுவென்று எண்ணலாகாது. சென்னையின் வடகரையைப் பாருங்கள். 1870-களில் தொடங்கித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டன. வருஷத்தின் பெரும்பகுதியில் அலைகள் கரையோர மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிச் செல்வன. சுவர் அதனை மறித்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்தின்றி, ராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. மீனவர் குப்பங்களில் வீடுகள் போயின, தெருக்களும் போயின. பாறைகளைக் கொட்டியும் கடலுக்குள் கல்வரிசை நீட்டியும் தடுத்து வருகிறார்கள். ஓரிடத்தில் தடுத்தால் அதற்கு வடக்கேயுள்ள குப்பத்தில் அரிப்பு மிகும் என்பதும் அதே சாஸ்திரந்தான். துறைமுகத் தலைவராயிருந்த ஸர் பிரான்சிஸ் ஸ்பிரிங் நூறு வருஷங்களுக்கு முன்பே இம்மணலோட்டத்தைப் பற்றி எழுதினார். எழுதியது இங்கிலீஷில். வீடிழந்தவன் அதைப் படிக்க வழியேது?

இக்கரையார் நிலக்கரியை அறிந்ததும் அதன் தூசியால்தான். ஐகோர்ட்டு உத்தரவால் 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாளுவது நின்றது. நிலக்கரி எண்ணூருக்குப் பெயர்ந்தது, அவ்வளவே. ஒரிஸ்ஸாவின் தால்சேர் சுரங்கத்தில் வெட்டிய கரி எண்ணூரில் எரிந்து, அதன் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிகிறது. சுரங்க ஜில்லாக்களுக்கென ஏற்பட்ட ஜில்லாக் கனிம நிதியைப் படிப்புக்கும் செலவிடலாம். ஆனால் அது வெட்டும் இடத்துக்கு உரியது, சாம்பல் விழும் இடத்துக்கு எட்டாது. ஆகவேதான் அகில தேச நிதியைச் சுட்டுகிறோம்.

1851-இல், கல்கத்தாவில் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவும் சென்னையில் மியூசியமும் ஒரே வருஷத்தில் தோன்றின. நமது மியூசியம் கற்களையும் தாதுக்களையும் வைத்தே துவங்கிற்று. அந்நிய ஆட்சியார் தம் லாபங் கருதியே செய்தனர். ஆயினும் கல்லை ஜனங்கள் கண்ணாற் காண வேண்டுமென்றாவது நினைத்தனர்!

அந்த 3 பங்கில் ஒரு சிறு கூறு போதும். ஒவ்வோர் ஆராய்ச்சி அறிக்கைக்கும், ஏலத்துக்கு முன்பே, தமிழில் தெளிவான சுருக்கம் வேண்டும். திருவொற்றியூரில் கடலையும் மணலையும் கரியையும் விளக்கும் ஒரு காட்சி மண்டபம் வேண்டும். நிர்வாகம் சர்வகலாசாலையிடம் இருக்கட்டும். சுரங்க இலாகாவிடம் விட்டால் கல்வி பிரசாரமாய்விடும். அறிவு பெற்ற ஜனங்கள் எதிர்ப்பார்களே என்று அஞ்சுவோர் உளர். எதிர்க்கட்டும்; மேலூரில் அறிவிக்காமல் விட்டதால் எந்தச் சுரங்கம் திறந்தது? தகப்பனிடம் நீரோட்டம் கற்ற குப்பத்துப் பையன், அதன் காரணத்தையும் கற்றுக்கொண்டால், நாளை விசாரணைக் கூட்டத்தில் எஞ்சினீயரை மடக்கிக் கேட்பான். வடசென்னைப் பார்லிமெண்டு அங்கத்தினரும் திருவள்ளூர் அங்கத்தினரும் இதனை அடுத்த கூட்டத்திலேயே கிளப்ப வேண்டும்.