மேடையை விடுங்கள், கூடாரத்துப் பக்கம் வாருங்கள்



நான் போட்ட படங்களைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், பாஞ்சோ மாட்டிய தாத்தாக்களுக்கு நடுவில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று ஒருவன். "இது என்ன புதுக் கூத்து அத்தை?" என்று என் அண்ணன் மகன். சிகாகோவில் இருக்கும் மாணவி ஒருத்தி, "போவதென்றால் கொலராடோவில் டெல்லுரைடு விழாவுக்கே போய்விடலாமே டீச்சர், பெரிய ஆட்களெல்லாம் அங்கேதானே வருகிறார்கள்" என்று எழுதியிருந்தாள். அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. எல்லோருக்குமாக இங்கேயே போடுகிறேன்.

டெல்லுரைடை நான் குறை சொல்லவில்லை. 1974 முதல் நடக்கிறது. எட்டாயிரத்துச் சொச்சம் அடி உயரத்தில், நாலாபுறமும் மலை. ஆனால் புளூகிராஸ் என்றால் என்ன என்று தெரிய வேண்டுமானால் முதலில் சின்ன விழாவுக்குப் போங்கள். போனால், மேடைக்கு எதிரே மட்டும் உட்கார்ந்துவிட்டுத் திரும்பாதீர்கள். இதுதான் என் கட்சி.

இந்த இசை தெரியாதவர்களுக்கு நாலு வரி. கென்டக்கி மாநிலத்துக்கே புளூகிராஸ் மாநிலம் என்று ஒரு பெயர் உண்டு, அங்கே வளரும் ஒரு புல்லின் பெயரால். அந்த மாநிலத்து ரோசைன் என்ற சிற்றூரில் 1911இல் பிறந்த பில் மன்றோ தன் குழுவுக்கு 'புளூ கிராஸ் பாய்ஸ்' என்று பெயர் வைத்தார். அதுவே பிற்பாடு இசைக்கும் பெயராகிவிட்டது. அவர் வாசித்தது மாண்டலின். நமக்கு மாண்டலின் என்றால் யூ. ஸ்ரீநிவாஸ்தான், அங்கே பில் மன்றோ. 1945 கடைசியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல் பாஞ்சோவோடு வந்து சேர்ந்தபோது இந்த இசைக்கு இன்றைய உருவம் கிடைத்தது. பாஞ்சோ, ஃபிடில், மாண்டலின், கிடார், பெரிய பாஸ். மின்சாரக் கருவி கிடையாது, டிரம் கிடையாது. பாஸ் தாளத்தைப் பிடிக்கும், மாண்டலின் எதிர்த்தட்டில் 'சக் சக்' என்று வெட்டும். அவ்வளவுதான் மிருதங்கம்.

மகள் வீடு இண்டியானாபொலிஸில். அங்கிருந்து தெற்கே காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் பீன் பிளாஸம். மன்றோவே வாங்கிப் போட்ட இடம். 1967இல் அவர் தொடங்கிய விழா ஜூன் மாதத்தில் இன்னும் நடக்கிறது. மரங்களுக்கு நடுவே மேடை, அதைச் சுற்றிக் கூடாரங்களும் வேன்களும். மேடையில் நடப்பது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் கூடாரங்களுக்கு நடுவே நடந்து பாருங்கள். இருட்டில் இங்கே ஒரு விளக்கு, அங்கே ஒரு விளக்கு. ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஏழெட்டு நாற்காலி, ஒரு பாட்டு. இதற்கு ஜாம் என்று பேர்.

யார் இவர்கள்? தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், பல் டாக்டர், மாடு வளர்ப்பவர், கல்லூரிப் பையன். சம்பளத்துக்கு வாசிப்பவர்கள் குறைவு. பாதிப் பேர் சுமாராகத்தான் வாசிக்கிறார்கள். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பாட்டு நிற்கிறது. எப்படி நிற்கிறது என்பதைத்தான் முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவள் என்ற முறையில் நான் கவனித்துக்கொண்டே இருந்தேன்.

ஒருவர் பாட்டைச் சொல்லி சுருதியைச் சொல்வார். அந்தப் பாட்டு முடியும்வரை அவர்தான் தலைவர், அடுத்த பாட்டுக்குப் பக்கத்து ஆள். பாடுகிறவரின் குரல் உன் காதில் விழவில்லையென்றால் நீ சத்தமாக வாசிக்கிறாய் என்று அர்த்தம். ஒரு சரணம் முடிந்ததும் தலைவர் ஒருவரைப் பார்த்துத் தலையசைப்பார். அந்த மெட்டை அவர் தன் பாணியில் ஒரு சுற்று தனியாக வாசிக்கலாம். வராது என்றால் லேசாகத் தலையாட்டினால் போதும், முறை அடுத்தவருக்குப் போய்விடும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த பாட்டில் அவரை விட்டுவிடுவதும் இல்லை, மறுபடி அவர் முகத்தைப் பார்த்துக் கேட்பார்கள். பாட்டை முடிக்கத் தலைவர் ஒரு காலைத் தூக்குவார், அத்தனை பேரும் சேர்ந்து நிறுத்துவார்கள். (அந்தக் காலைத் தூக்குவதைப் பார்த்து முதல் நாள் எனக்கு அடக்கமுடியாத சிரிப்பு.)

நம் பிள்ளைகளை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். அங்கே இருக்கும் நம் குடும்பங்களில் வயலின் கற்காத வீடு குறைவு. ஏழு வருடம், எட்டு வருடம் கட்டணம் கட்டுகிறோம். சபையில் ஒருமுறை மேடையேற்றி, வீடியோ எடுத்து, கல்லூரிக்கு அனுப்புகிறோம். அதோடு வயலின் பெட்டிக்குள் போய்விடுகிறது. தப்பில்லாமல் வாசிக்கக் கற்றுக்கொடுத்த நாம், நாலு பேரோடு உட்கார்ந்து சும்மா வாசிக்க ஓர் இடம் கொடுக்கவில்லை. பஜனை மடத்திலும் கோலாட்டத்திலும் அந்த இடம் முன்பு இருந்தது. பாட்டு சுமாராக வருகிறவர்களும் அங்கே பாடினார்கள்.

என் பேத்தியும் அப்படித்தான். நோட்டுப் புத்தகத்தில் இல்லாத ஒரு சுரத்தை வாசிக்கமாட்டாள். கேட்க மட்டும் வருகிறேன் என்று சொல்லித்தான் வந்தாள், ஆனால் வயலினையும் எடுத்து வந்திருந்தாள். ஒரு வட்டத்தில் ஃபிடில் வாசிக்கும் பெரியவர் அவள் தந்திகளைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். மேற்கத்திய வயலினை நாலு வேறு சுரங்களில் கூட்டுவார்கள், நாம் ஸ-ப-ஸ-ப என்று கூட்டுகிறோம். அப்பலாச்சிய மலைப்பக்கத்துப் பழைய ஃபிடில்காரர்களிடமும் அதே ஸ-ப-ஸ-ப கூட்டு ஒன்று இருக்கிறது! அவர் தன் ஃபிடிலை அப்படி மாற்றிக்கொண்டார், இவள் ஐந்து கட்டையை ஆறு கட்டையாக ஏற்றினாள். "மோகனம் போதும், வேறெதற்கும் போகாதே" என்று நான் காதில் சொன்னேன். அந்த ஊர்ப் பாட்டுகளில் பல, மோகனத்தின் ஐந்து சுரங்களுக்குள் அடங்கிவிடும். முதல் இரண்டு முறை தலையாட்டி விலகினாள். மூன்றாவது முறை வாசித்தாள். பிரமாதம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மறுநாள் காலை எனக்கு முன்னால் எழுந்து வயலினோடு கிளம்பிவிட்டாள்.

"கிராமத்து வெள்ளைக்காரர்கள் கூட்டம், நம்மாட்கள் அங்கெல்லாம் போகலாமா?" என்று தம்பி போனில் கேட்டான். நியாயமான கேள்வி. கூட்டத்தில் நம் நிறத்தில் ஆட்கள் மிகக் குறைவு என்பது உண்மை. வேறொரு விழாவில், அடிமை முறைக்காகப் போரிட்ட தென் மாநிலங்களின் கொடியை ஒரு கூடாரத்தில் பார்த்தேன். அந்தப் பக்கம் நான் போகவில்லை. ஆனால் அந்தக் கொடி கட்டியவருக்கு இந்த இசையில் தனி உரிமை ஒன்றும் கிடையாது. பாஞ்சோவே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கருவி. சிறுவன் மன்றோ, ஆர்னால்டு ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரோடு ஊர் நடனங்களுக்கு வாசித்தவர், அவரிடம் கற்றதை வாழ்நாள் முழுவதும் சொன்னவர். இன்று ரியானன் கிடன்ஸ் போன்றவர்கள் அந்த மரபை மேடையிலேயே உரக்கச் சொல்கிறார்கள். நாம் ஒதுங்கி நின்றால் இடம் கொடிக்காரருக்குத்தான் போகும். எனக்கு இதுவரை கிடைத்ததெல்லாம் ஒரு நாற்காலியும் "எங்கிருந்து வருகிறீர்கள்" என்ற விசாரிப்பும்தான்.

இன்னொன்று, சின்ன விழாக்களில் தலையெல்லாம் நரை. என்னைவிட மூத்தவர்களே அதிகம். பக்கத்தில் இருப்பவர்கள் பெரிய பெயர்களைத் தேடி விமானம் ஏறிக்கொண்டே இருந்தால் இவை எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? சிகாகோக்காரிக்கு அதனால்தான் சொல்கிறேன். பீன் பிளாஸம் உனக்குக் காரில் நாலைந்து மணி நேரம்தான்.

போகிறவர்கள் மடக்கு நாற்காலி, மழைக்கோட்டு, கொசு மருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மேடை முன்னால் காலி நாற்காலி இருந்தால் உட்காரலாம், உரியவர் வந்தால் எழுந்துவிட வேண்டும். பல விழாக்களில் இதுதான் வழக்கம். கடைகளில் சைவம் என்று தேடினால் சோளக்கதிரும் வறுத்த உருளைக்கிழங்கும்தான் அகப்படும். புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள். கொஞ்சம் கூடுதலாகவே கட்டுங்கள், பக்கத்து நாற்காலிக்காரர்கள் கேட்பார்கள்.