தவளைக்கு எண்ணெய் பூசலாமா?



சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, உபவாச ஜெபம் முடிந்து வீடு திரும்பிய வேளையில், மும்பை பாண்டுப்பில் குடியிருக்கும் நம் சபைச் சகோதரி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "பாஸ்டர், தம்பி அழுதுகொண்டே இருக்கிறான். வந்து ஒரு ஜெபம் பண்ணுங்கள்" என்றார். பிள்ளைக்குத்தான் சுகவீனம் என்றெண்ணி விரைந்து சென்றேன். ஏழாம் வகுப்புப் பயிலும் அவன் நலமாகவே இருந்தான். சுகவீனப்பட்டிருந்தது அவன் வளர்க்கும் தவளை.

சிரிக்க வேண்டாம். நானும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் பாயில் அமர்ந்தேன். ஒற்றை அறை வீட்டில் நாய் வளர்க்க இடமேது? ஆகவே மாமன் பிறந்தநாள் பரிசாக இதை வாங்கித் தந்திருக்கிறார். நம் ஊர்க் கிணற்றடித் தவளையன்று. தென் அமெரிக்காவைச் சேர்ந்த கொம்புத் தவளை. கடைக்காரர்கள் இதைப் பேக்மேன் என்கிறார்கள்.

கண்ணாடிப் பெட்டியைத் திறந்தபோது அதன் முதுகு பளபளத்தது. சகோதரி பக்தியோடு ஜெப எண்ணெய் பூசியிருந்தார். அதற்கு முந்தின நாள் மஞ்சளும் தடவியிருந்தார். நான் உடனே, முந்தின நாளே வாளியில் பிடித்து வைத்திருந்த நீரால் அதை மெதுவாகக் கழுவச் சொன்னேன். பள்ளியில் விலங்கியல் பாடத்திற்காகத் தவளையை அறுத்துப் பார்த்த தலைமுறை நாங்கள். தவளை வாயினால் நீர் அருந்துவதில்லை, தோலினால் உறிஞ்சுகிறது. நுரையீரல் இருந்தும் தோலினாலும் சுவாசிக்கிறது. மனிதருக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும்படி யாக்கோபு எழுதினார். தவளைக்குப் பூசினாலோ அதன் சுவாசத்தையே அடைத்துவிடுகிறோம். வலிநிவாரணக் களிம்புகள் எண்ணெயைவிட ஆபத்தானவை.

அதை அறுக்கக் கற்றேனேயன்றி வைத்தியம் பார்க்கக் கற்கவில்லை. மறுநாள் காலை கால்நடை மருத்துவர்களைத் தேடினோம். மூவர், தவளை பார்ப்பதில்லை என்றார்கள். நான்காமவர் அயல்நாட்டுச் செல்லப்பிராணிகளுக்கு வைத்தியம் பார்ப்பவர். அவர் தவளையைத் திருப்பிக் காட்டினார். அடிவயிறும் தொடையின் உட்புறமும் சிவந்திருந்தன. 'செங்கால் நோய்' என்பார்களாம். பெரும்பாலும் ஏரோமோனாஸ் என்னும் பாக்டீரியாவினால் வருகிறது. அசுத்தமான நீரிலும் மண்ணிலும் பலவீனப்பட்ட தவளையை அது எளிதில் பற்றிக்கொள்ளும்.

"மண்ணை எப்போது மாற்றினாய்?" என்று மருத்துவர் கேட்டார். பையன் தலைகுனிந்தான். பரீட்சை நாட்களில் இரண்டு மாதம் மாற்றவேயில்லை.

அவர் கூறியவற்றில் பெற்றோர் அறியவேண்டியவற்றை எழுதுகிறேன். இரை எடுக்காத தவளையெல்லாம் நோயாளியன்று. வளர்ந்த கொம்புத் தவளை சில நாட்கள் உண்ணாமல் இருப்பதுண்டு. நம்மில் சிலரைவிட ஒழுங்காக உபவாசிக்கும். ஆனால் உண்ணாமையோடு சோர்வு, தோல் சிவப்பு, புண், உடல் ஊதுதல், ஓயாமல் தோல் உரிதல், கவிழ்த்துப் போட்டால் நிமிர இயலாமை ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் காத்திருக்கலாகாது. கால்களும் தாடையும் வளைந்து தளர்ந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவாயிருக்கலாம். இரையோடு கூழாங்கல்லை விழுங்கிக் குடல் அடைபடுவதும் உண்டு.

மருத்துவரிடம் சேரும்வரை, காற்றுத் துளையுள்ள சிறு பிளாஸ்டிக் பெட்டியில் ஈரமான வெள்ளைக் காகிதத் துவாலை விரித்து அதில் வையுங்கள். நாள்தோறும் மாற்றுங்கள். வெள்ளைத் துவாலையில் இரத்தமும் மலமும் தெளிவாகத் தெரியும். குழாய்நீரிலுள்ள குளோரின் தோலை வருத்தும். ஒருநாள் திறந்த பாத்திரத்தில் வைத்த நீர் நல்லது. மீன் கடைகளில் விற்கும் குளோரின் நீக்கும் துளிகளைச் சேர்ப்பது அதைவிட நிச்சயம். தொடுமுன் சோப்பின் சுவடே இல்லாதபடி கையைக் கழுவி நனைத்துக்கொள்ளுங்கள். தொட்டபின் சோப்பினால் நன்றாகக் கழுவுங்கள். சால்மோனெல்லா கிருமி பிள்ளைகளுக்குத் தொற்றக்கூடும். சமையல் தொட்டியில் அதன் பெட்டியைக் கழுவ வேண்டாம். எத்தனை வீடுகளில் இது நடக்கிறதோ!

இரவுப் பணி முடித்து வந்த தகப்பனாருக்கு வேறு யோசனை இருந்தது. "பவாய் ஏரியில் விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும்" என்றார். மருத்துவர் கடுமையாகத் தடுத்தார். 1999-இல் விவரிக்கப்பட்ட கைட்ரிட் என்னும் பூஞ்சை, தவளைகளின் தோலைத் தாக்கிக் கொல்கிறது. குறைந்தது 501 நீர்நில வாழ்வன இனங்கள் அதனால் குறைந்தன என்று 2019-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. தவளை வியாபாரமே அது பரவிய வழிகளில் ஒன்று. நோயுற்ற அயல்நாட்டுத் தவளையை ஏரியில் விடுவது, அங்குள்ள தவளைகளின் வாசலில் கொள்ளைநோயை இறக்கிவிடுவதாகும். செத்ததையும் அங்கே எறியலாகாது.

மருந்து உட்கொள்வதைக் குறித்து நம் நடுவே வெவ்வேறு வைராக்கியங்கள் உண்டு. அதைப்பற்றி வாதாட நான் வரவில்லை. ஒரு விசுவாசி தன் சரீரத்தைக் குறித்துத் தீர்மானித்துக்கொள்ளலாம். தவளைக்கு அப்படிப்பட்ட தீர்மானம் இல்லை. அதைப் பெட்டிக்குள் அடைத்தவர் நாம்; அதன் தண்ணீரும் இரையும் வெப்பமும் நம் கையில் இருக்கின்றன. தன் மிருகத்தின் ஜீவனைக் குறித்து நீதிமானுக்குள்ள கவலையை நீதிமொழிகள் 12:10 பேசுவது இப்படிப்பட்ட வீட்டிற்கும் பொருந்தும்.

"பாஸ்டர், என் பாவத்தினாலா இதற்கு வியாதி வந்தது?" என்று ஆட்டோவில் திரும்பும்போது பையன் கேட்டான். "அசட்டையினால் வந்தது, தம்பி. இன்றைக்கே மண்ணை மாற்று" என்றேன். பிறகு இருவரும் கண்களை மூடி ஜெபித்தோம். ஓட்டுநர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

மருத்துவர் தந்த மருந்தை நாள்தோறும் அதன் முதுகில் சொட்டாக விட்டார்கள். தோலே உறிஞ்சிக்கொண்டது. இரண்டாம் வாரத்தின் முடிவில் அது ஒரு மண்புழுவை விழுங்கியது. இரவு பத்தரை மணிக்குப் பையன் அழைத்து, ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லலாமா என்று கேட்டான். அனுமதித்தேன். நான்கே வாக்கியம் சொன்னான். அதில் மூன்று குளோரினைப் பற்றியவை.