இருந்ததனால் இட்டதா? வேண்டியதனால் இட்டதா?

அணிகலன் அழகு தருவது. ஆயினும் அளவறிந்தும் இடமறிந்தும் அணிந்தால்தான் அழகு தருவது. கணிப்பொறித் திரையில் எழுத்தையும் படத்தையும் அசையச் செய்யும் இயங்கு வரைகலைக்கும் இவ்வுண்மை பொருந்தும் என்பதை ஒரு நிகழ்ச்சி நமக்கு நன்கு உணர்த்திற்று.

அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர் தம் ஊரைப் பற்றி மூன்று நிமிடக் குறும்படம் ஒன்றை ஆக்கி நம் முன் திரையிட்டார். சோழர் காலத்துப் புத்தர் சிற்பத்தைத் தன்னகத்தே கொண்ட ஊர் அது. சிற்பம் திரையில் தோன்றியதும் அதனைச் சுற்றித் தீப்பொறிகள் பறந்தன. ஊர்ப்பெயர் இடிமுழக்கத்தோடு வெடித்துச் சிதறிப் பின் ஒன்றுசேர்ந்தது. ஏரிக்கரைக் காட்சியிலோ வெண்பனி பொழிந்தது! அவையிலிருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, நம்ம ஊர்ல பனிக்கட்டி எந்த வருசம் பெய்தது?" என்று வினவினார். சிரிப்பொலி அடங்கியபின் மாணவர் பணிவோடு சொன்ன விடை இது: "சாஃப்ட்வேரிலேயே இருந்தது ஐயா, எடுத்துப் போட்டேன்."

'இருந்தது, போட்டேன்' என்னும் இவ்விரு சொற்களே இக்கட்டுரைக்கு வித்து.

களஞ்சியத்தின் பயன்

1993ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்', 2004இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட 'மோஷன்' போன்ற மென்பொருள்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஆயத்த விளைவுகள் அடங்கிய 'லைப்ரரி' ஒன்றும் உடன் வருகிறது. 'மோஷன்' களஞ்சியத்தில் பின்னணிகள் உள்ளன. புகையும் தீப்பொறியும் போன்ற துகள்களைத் தெளிக்கும் கருவிகள் உள்ளன. படத்தின் நிறத்தையும் தெளிவையும் மாற்றும் ஃபில்டர்கள் உள்ளன. பொருள் ஒன்று கீழே விழுவதற்கும் எறியப்படுவதற்கும் சுழல்வதற்கும் உரிய அசைவுகளும் ஆயத்தமாக உள்ளன. ஒவ்வோர் அசைவுக்கும் தொடக்கமும் முடிவும் குறித்து, 'கீஃப்ரேம்' ஒவ்வொன்றாக இட்டு முடிக்க வேண்டிய வேலையை இவை நொடிப்பொழுதில் முடித்துத் தருகின்றன.

இதனைக் குறை கூறுவார் கூற்று நமக்கு உடன்பாடன்று. சமைப்பவர் மிளகாயைத் தாமே பயிரிட்டாரா என்று எவரும் கேட்பதில்லை. கறிக்கு ஏற்ற அளவில் இட்டாரா என்றே கேட்பர். மேலும், ஆயத்த விளைவு ஒன்றைத் திறந்து அதன் கூறுகளைப் பிரித்துப் பார்க்கும் மாணவனுக்கு அக்களஞ்சியமே ஆசானாகிறது. எனவே கருவியில் குற்றமில்லை. காரணம் கேளாது கையாள்வதே குற்றம்.

காரணம் கழன்ற உத்தி

இதற்குத் தக்க சான்று ஒன்றுண்டு. அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸ், 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அந்நாட்டு உள்நாட்டுப் போரைப் பற்றிய தொடரை 1990இல் வழங்கினார். அப்போர்க் காலத்தில் திரைப்படக் கருவி இல்லை. அசையாப் புகைப்படங்களே எஞ்சின. அப்படங்களின்மீது கேமராவை மெல்ல நகர்த்தி, கூட்டத்திலிருந்து ஒரு முகத்தை நோக்கிக் காண்போரை அழைத்துச் சென்றார் அவர். கனடாவில் 1957இல் வெளிவந்த 'சிட்டி ஆஃப் கோல்டு' என்ற குறும்படமும் பழம்புகைப்படங்களுக்கு இவ்வாறே உயிரூட்டியதுண்டு. இல்லாமையிலிருந்து பிறந்த உத்தி இது. 2003இல் இதுவே 'கென் பர்ன்ஸ் எஃபெக்ட்' என்னும் பெயரோடு ஆப்பிளின் 'ஐமூவி' மென்பொருளுக்குள் புகுந்தது. இன்றோ திருமணப் படம், பணிநிறைவு விழாப் படம், தேர்தல் வெற்றிப் படம் யாவும் பெரிதாகின்றன, சிறிதாகின்றன. எந்த முகத்தை நோக்கி? எதற்காக? விடையில்லை. பொத்தான் கைக்கு வந்தது, காரணம் கைநழுவியது!

நம் மண்ணும் நம் எழுத்தும்

பிறர் நிலத்தில் உருவான களஞ்சியம் பிறர் நிலத்தையே நமக்குக் காட்டும். பெருநாள் வாழ்த்துப் படங்களை நோக்குங்கள்: பாலை மணல், ஒட்டக வரிசை, அயல்நாட்டுக் குவிமாடம். கீழக்கரையின் பழைய ஜும்ஆ பள்ளிவாசலில் தமிழகச் சிற்பியர் செதுக்கிய கற்றூண்கள் நிமிர்ந்து நிற்க, நம் பிள்ளைகள் ஒட்டகத்தைத் தேடுவானேன்? பொங்கல் வாழ்த்தில் நெற்கதிர் இருக்க வேண்டிய இடத்தில் கோதுமைக்கதிர் அசையவும் கண்டிருக்கிறோம். எவரும் தீங்கெண்ணி இதனைச் செய்யவில்லை. 'இருந்தது, போட்டார்கள்', அவ்வளவே. ஆயினும் ஆண்டாண்டாக இதனையே காணும் குழந்தை, தன் ஊர் திரைக்குத் தகுதியற்றது என்று எண்ணத் தலைப்படும். நாம் அஞ்சுவது இதற்கே.

எழுத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 'விக்கிரமங்கலம்' என்பதில் எழுத்துகள் ஒன்பது. யூனிகோடு முறையில் கணிப்பொறி சேமிக்கும் குறியீடுகளோ பதினான்கு. புள்ளியும் மேல்விலங்கும் தனித்தனியே எண்ணப்படுதலே காரணம். ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு அமைந்த தட்டச்சு விளைவு, குறியீடு குறியீடாக எண்ணிச் செல்லுமாயின், முதலில் 'வ' தோன்றிப் பின்னரே 'வி' ஆகும். 'க' தோன்றிப் பின்னரே புள்ளி பெறும். உயிர்மெய் என்று ஓருடலாகக் கண்ட எழுத்தைக் கூறுபோட்டுக் காட்டலாமா? சொல் சொல்லாகத் தோன்றுமாறு அமைத்தால் இவ்விடர் நீங்கும். எழுத்தெழுத்தாகவே வேண்டுமாயின் ஒவ்வோர் எழுத்தையும் தனி அடுக்கில் இட்டு அசைக்கலாம். உழைப்புச் சற்றுக் கூடும், தமிழ் சிதையாது.

செய்யத்தக்கது யாது?

விளைவு ஒன்றை இடுமுன், 'இஃது இல்லையெனில் பொருள் குறையுமா?' என்று வினவுக. குறையாதெனில் நீக்குக. இட்டதையும் நிறத்தாலும் விரைவாலும் தம் காட்சிக்கேற்ப மாற்றுக. மென்பொருளோடு வரும் உரிம விதிகளையும் படித்தறிக. படைப்பினுள் பயன்படுத்த இசைவு தருவதும், அதே கோப்பைத் தனியே விற்க இசைவு தருவதும் வெவ்வேறு.

அனைத்தினும் மேலாக, நமக்கென ஒரு களஞ்சியம் காண்போம். அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையில் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கடலுயிர்களின் சுவடுகள் உள்ளன. வாரணவாசியில் அவற்றுக்கென அருங்காட்சியகமே உண்டு. கங்கைகொண்ட சோழபுரத்துக் கல்லின் மேடுபள்ளம், ஏரி நீரின் அலை, பனையோலையின் சலசலப்பு, கதிரடிக்கும் களத்தின் தூசி ஆகிய இவற்றை நம் மாணவர் படமாகவும் ஒலியாகவும் பதிந்து, துறையின் கணிப்பொறியில் பெயரிட்டு வைத்தால், அடுத்து வரும் மாணவர்க்கு அதுவே முதுசொம் ஆகும். அத்தகைய தொகுப்பு கடையில் கிடைப்பதன்று.

அவ்விக்கிரமங்கலத்து மாணவர் சின்னாள் கழித்துத் தம் படத்தை மீண்டும் கொணர்ந்தார். தீப்பொறி இல்லை, பனி இல்லை. சிற்பத்தின் முகத்தில் காலை ஒளி மெல்லப் படர்ந்தது. தொலைவில் ஆட்டுமணி ஒலித்தது. ஒளியை மட்டும் மென்பொருள் தந்தது. மணியொலி அவர் தாமே பதிந்தது. முன்பு வினவிய பெரியவர் இம்முறை ஒன்றும் வினவவில்லை. "இது நம்ம ஊர்தான்" என்றார். அச்சொல்லினும் மேலான பரிசு ஒரு படைப்பாளிக்கு வேறு யாது வேண்டும்?