கடிமரம் தடிவோர் யார்?



காதலையும் போரையும் பூவின் பெயரால் வகுத்து இலக்கணம் செய்த இனம் நம் இனம். புணர்தல் குறிஞ்சி, இருத்தல் முல்லை, ஊடல் மருதம், இரங்கல் நெய்தல், பிரிதல் பாலை. ஆநிரை கவர்தல் வெட்சி, மதிலை வளைத்தல் உழிஞை, எதிர்நின்று பொருதல் தும்பை, வெல்லுதல் வாகை. இவை வெறும் அழகுக்கு இட்ட பெயர்களோ? அல்ல. பனம்பூ சேரனையும், வேம்பு பாண்டியனையும், ஆத்தி சோழனையும் இனங்காட்டின. நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் தம்முட் பகைத்தபோது, இருவர் கண்ணியும் ஆத்தியே என்று சுட்டியன்றோ கோவூர்கிழார் இடித்துரைத்தார்!

மரமே அரசின் உயிராகக் கருதப்பட்டது. எனவேதான் பகைவன் முதலில் கடிமரத்தைத் தடிந்தான். நெடுஞ்சேரலாதன் கடம்பினை வெட்டி முரசு செய்தான். செங்குட்டுவன் பழையனின் வேம்பை வீழ்த்தினான். நார்முடிச்சேரல் நன்னனின் வாகையைச் சாய்த்தான். மரம் வீழ்ந்தது எனின் மானம் வீழ்ந்தது என்பதே பொருள். மன்னர்க்கு மட்டுமன்று, எளிய குடிக்கும் மரம் உறவே. தான் வளர்த்த புன்னை தனக்குத் தங்கை முறையாதலின், அதன் நிழலில் காதலனோடு நகைத்தாட நாணிய பெண்ணை நற்றிணை காட்டுகின்றது.

இன்றைய நிலை என்ன? உழிஞைக்கும் தும்பைக்கும் நம் உரைநூல்கள் கூறும் விளக்கம், "ஒருவகைப் பூ" என்பதே! எவ்வகைப் பூ? ஆசிரியரும் காட்டார், மாணவரும் கேளார். பொருளைக் காணாத சொல், தேர்வுத்தாளில் எழுதப்பட்டு, அன்றே இறந்து போகின்றது.

இதனினும் பெருங்கொடுமை ஒன்றுண்டு. சேரன் சூடிய பனை இன்று தமிழ்நாட்டின் மாநில மரம். அப் பனையைச் செங்கற்சூளைக்கு விறகாக்கியவர் யாவர்? பகை வேந்தரா? இல்லை, நாமே! பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் என 2021-ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவிக்க வேண்டிய நிலைக்கு வந்தோம். அன்று கடிமரத்தைக் காக்க உயிர் கொடுத்தனர். இன்று அதனைச் சில காசுக்கு விற்கின்றோம். அவ்வாறு விற்கும் கையே மேடையேறி, "மூவேந்தர் வழிவந்தோம்" என முழங்குகின்றது. நாணமில்லையா?

ஒவ்வொரு பள்ளி வளாகத்திலும் பனையும் வேம்பும் ஆத்தியும் நிற்கட்டும்! வேலியில் நொச்சியும், பந்தலில் முல்லையும் தழைக்கட்டும்! திணையைக் கரும்பலகையில் எழுதுமுன், அதன் பூவை மாணவன் கையில் கொடுமின்! கண்ட பொருளின் பெயரை அவன் மறவான். பெயர் மறவாத இனம் வீழாது.