கூட்டு யாருக்காக?

கம்பனிகள் கைகோத்தாற்றான் போக்குவரத்திற் புதுமை பிறக்கும் என்று பொருளியற் பண்டிதர்கள் மேடைதோறும் முழங்குகின்றனர். ஐரோப்பிய லொறிக் கம்பனிகள் கைகோத்த கதையை அவர்கள் அறியாரா?

1997 முதல் 2011 வரை எம்.ஏ.என்., வொல்வோ-றெனோ, டைம்லர், இவெக்கோ, டாஃப் ஆகியன இரகசியமாகக் கலந்து பேசின. விலையை மட்டுமா பேசின? புகையின் நச்சைக் குறைக்கும் தொழில்நுட்பத்தை எப்போது சந்தைக்கு விடுவது, அதன் செலவை வாங்குவோர் தலையில் எவ்வாறு சுமத்துவது என்பவற்றையும் பேசின. புதுமைக்கே நாட்குறித்த சோதிடர்கள்! 2016இல் ஐரோப்பிய ஆணைக்குழு ஏறத்தாழ 293 கோடி யூரோ தண்டம் விதித்தது. முதலில் வாய்திறந்த எம்.ஏ.என். தண்டத்துக்குத் தப்பியது, குற்றத்தை ஒப்பாத ஸ்கானியாவுக்கு 2017இல் 88 கோடி.

அந்தப் புதுமையைக் கட்டாயமாக்கியதும் கூட்டன்று. புகைக்கு எல்லை வகுத்த சட்டமே.

2022இல் டைம்லர், வொல்வோ, எம்.ஏ.என்.னையும் ஸ்கானியாவையும் உள்ளடக்கிய திராட்டன் ஆகிய மூன்றும் மின்லொறிகளுக்கு மின்னேற்றும் நிலையங்கள் அமைக்க மிலென்ஸ் என்னும் கூட்டுக் கம்பனியைத் தொடங்கின. நிலையங்கள் வேண்டியவையே, மறுப்பாரில்லை. ஆனால் அங்கே கட்டணத்தை நிர்ணயிப்பவர் யார், அவரைக் கண்காணிப்பவர் யார் என்று நம் பண்டிதர்களைக் கேட்டுப் பாருங்கள்.